பின்சீட்டில் அறுபது கிலோ கீரிச்சம்பா

அன்று என் பின்னால் உட்கார்ந்திருந்தது கீரிச்சம்பா அரிசி.

இருபத்தைந்து கிலோ மூட்டைகள் இரண்டு. அவற்றின் மேல் பத்துக் கிலோப் பை ஒன்று. மூன்றையும் உடுப்புக் காயப்போடும் கயிற்றால் பின்சீட்டோடு வரிந்து கட்டிவிட்டு, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு முன்னால் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளம், வண்டிகள் நிறுத்தும் இடம். எண்ணெய் நாற்றத்தோடு யாரோ வீட்டு மீன்குழம்பு வாசமும் கலந்து வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. நான் எங்கும் போகவும் இல்லை.

பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் சுமனபால, எங்கள் ஃபிளாட்டின் காவலாளி. முன்பு பஸ் டிப்போவில் வேலை செய்தவர். அவர் கையில் ஒரு அளவு நாடா. என் மனைவி ஜெசிந்தாவின் தையல் பெட்டியிலிருந்து நான் கேட்காமல் எடுத்து வந்தது.

லிஃப்டிலிருந்து இறங்கிய மூன்றாம் மாடி அம்மா எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"மாஸ்டர், அரிசி எங்க போகுது?"

"எங்கயும் போகேல்லை. சும்மா இருக்குது. அளக்கிறம்."

"அரிசியை நிறுக்கிறதெல்லோ?"

"இது வேற அளவு."

பாவம், மேலே ஒன்றும் கேட்காமல் போனார். என்னைப் பற்றி அந்த ஃபிளாட்டில் ஏற்கெனவே சில அபிப்பிராயங்கள் உண்டு. அன்றோடு அவை உறுதியாகியிருக்கும்.

நான் செய்துகொண்டிருந்தது பைத்தியக்கார வேலை இல்லை. முதுகு நோகிறது என்று ஜெசிந்தா என் பைக்கில் ஏறுவதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. அவளைத் திரும்ப அந்தச் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோழிப்பெட்டிக்குப் பொருத்திய வண்டி

பைக்கின் பின்பக்கத்தில் இரண்டு ஷொக் அப்சோபர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றின் அடியில், வில்லைத் தாங்கும் வளையத்தில் படிப்படியாக ஐந்து வெட்டுகள் இருப்பதும், அந்த வளையத்தைத் திருப்பினால் வில்லின் இறுக்கம் மாறும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. அதைத் திருப்பும் வளைந்த சாவி சீட்டுக்குக் கீழே கருவிப் பையில் பதினொரு வருடமாகக் கிடந்தது. நான் அதை ஏதோ உடைந்த சாமானின் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் பௌதிகவியல் டியூஷன் மாஸ்டர். இருபது வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு வில்லில் பளுவைத் தொங்கவிட்டுக் காட்டிச் சோறு தின்கிறவன். வெட்கக்கேடு!

சாவியின் உபயோகம் தெரிந்த அன்றே வளையத்தைக் குனிந்து பார்த்தேன். ஐந்தாவது வெட்டு. ஆகக் கூடின இறுக்கம். யார் இப்படி வைத்தது என்று யோசித்தபோதுதான் வண்டியின் பழைய சொந்தக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். ஹெந்தளையில் கோழிக்கடை வைத்திருந்த மனுசன். பின்னால் இரண்டு பெரிய பெட்டிகளில் கோழி ஏற்றுவார். வாங்கின புதிதில் பின்சீட்டுக்குக் கீழே இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆக, கோழிப்பெட்டிக்குப் பொருத்தி வைத்த வண்டியில் பதினொரு வருடம் என் மனைவியை ஏற்றித் திரிந்திருக்கிறேன்.

வில் அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் என்ன நடக்கும்? பைக் தன் பாரத்துக்குக் கொஞ்சம்கூடத் தாழாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். மேட்டில் ஏறும்போது சில்லு மேலே போக இடம் வேண்டும் என்பது எல்லாருக்கும் விளங்கும். பள்ளம் வரும்போது சில்லு கீழே இறங்கவும் இடம் வேண்டும் என்பதை நாங்கள் நினைப்பதில்லை. ஏற்கெனவே முழுக்க நீண்டு நிற்கிற வில் இன்னும் எங்கே நீளும்? சில்லு இறங்காது. வண்டியே பள்ளத்துக்குள் விழும். அதில் இருக்கிறவரின் முதுகெலும்பும் கூடவே விழும்.

அதனால், ஆட்கள் ஏறினதும் பின்பக்கம் ஓரளவு தாழ வேண்டும். எங்கள் இருவரின் பாரத்துக்கு ஐம்பத்தைந்து மில்லிமீற்றர் அளவில் தாழ்ந்தால் நல்லது என்று கணக்குப் போட்டேன். சில்லை அந்தரத்தில் தொங்கவிட்டு ஒரு அளவு, ஆட்கள் ஏறினபின் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம்தான் தாழ்வு. மிகச் சின்ன வேலை. ஆனால் ஏறுவதற்கு ஆள் வேண்டுமே.

"உங்க ஆராய்ச்சிக்கெல்லாம் நான் ஆள் இல்ல" என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். "ரிப்போட் திருத்தணும். விடுங்க."

அவள் எங்கள் வீதி முனையில் உள்ள பள்ளிக்கூடத்தில் ரீச்சர். விட்டேன். அவளுக்குப் பதிலாகக் கீழ்க்கடையில் இரண்டு மூட்டை அரிசி இரவல் கேட்டு, வீட்டுப் பையையும் சேர்த்தேன். மொத்தம் அறுபது கிலோ.

ஏன் அறுபது? அவளுடைய நிறை அதுதான். எனக்கு நன்றாகத் தெரியும். மகள் பிறந்த பிறகு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தராசு அறுபது காட்டியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. கண்டியில் படிக்கிறாள்.

கதைப்பதற்கு ஓர் இடம்

ஒருத்தி பஸ்ஸில் போனால் இவனுக்கு என்ன குறைந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ஜெசிந்தா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். எங்கள் கல்யாணம் பதிவுக் கந்தோரில் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதைப் பற்றிய கதை பத்து வருடம் ஓடியது. அதையெல்லாம் இந்தத் தொடரில் முன்னமே புலம்பியிருக்கிறேன். இன்றைக்கு வேண்டியது இவ்வளவுதான். முதல் இரண்டு வருடமும் கொட்டாஞ்சேனையில் அவளுடைய அப்பா வீட்டில் இருந்தோம். ஒரு ஹோல், ஒரு அறை, ஏழு பேர். அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலை. நாங்கள் இருமினால்கூட அடுத்த நாள் காலை அதற்கு யாராவது மருந்து சொல்வார்கள்.

அதனால் கதைக்க வேண்டியதை எல்லாம் அப்போதிருந்த என் பழைய பைக்கில் கதைத்தோம். "பாண் வாங்கப் போறம்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவோம். துறைமுகப் பக்கமாக ஒரு சுற்றுப் போய், பாணை மறந்துவிட்டு வந்த நாட்களும் உண்டு. மாமியார் ஒரு நாள் கேட்டார்: "அந்தக் கடையில பாண் சுட்டுத்தான் குடுக்கிறானா, இல்ல கோதுமையே இனித்தான் விதைக்கிறானா?"

பைக்கில் கதைப்பதற்குத் தனி வசதிகள் உண்டு. முகம் தெரியாது. கோபம் வந்தால் எழும்பிப் போக முடியாது. அழுதால் காற்றில் காய்ந்துவிடும். பின்னால் இருக்கிறவர் சொல்வது நேராகக் காதுக்குள் வரும். முன்னால் இருக்கிறவர் பாதையைப் பார்த்துக்கொண்டு "ம்" போட்டால் போதும். மகளின் பெயரை முடிவு செய்தது கொள்ளுப்பிட்டிச் சிக்னலில். நான் கம்பனி வேலையை விட்டு டியூஷனுக்கு இறங்குவதென்று தீர்மானித்தது காலிமுகத்திடலைத் தாண்டும்போது. அதுவும் அவள் தீர்மானித்தது. நான் "ம்" போட்டேன்.

வெள்ளவத்தைக்கு வந்தபின் எங்களுக்குக் கதவுள்ள அறை கிடைத்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. வீட்டில் நாங்கள் பேசுவது கேஸ் முடிந்தது, தண்ணீர் வரவில்லை, மகள் போன் எடுத்தாள் என்ற அளவில்தான். மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாய் பின்னேரம் அவள் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போவாள். நான் கொண்டுபோய் விட்டு, வெளியே தேத்தண்ணி குடித்து, கூட்டிக்கொண்டு வருவேன். போகும்போது முக்கால் மணித்தியாலம், வரும்போது முக்கால். அதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஹெல்மெட்டை எடுக்கவில்லை. "முதுகு தாங்கல்ல. இனி நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள். இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். களைத்துப் போய் வந்து படுத்தாள். அடுத்த செவ்வாயும் அப்படியே. நான் வீட்டில் இருந்து டிவி பார்த்தேன். எனக்கு அழுகை வராத குறை.

ஆறு மில்லிமீற்றர்

அரிசியோடு வேலை பிரமாதமாக நடந்தது. ஷொக்கில் சீல்களின் உராய்வு இருப்பதால் ஒருமுறை அளந்தால் சரிவராது. சீட்டை அமுக்கி மெல்ல மேலே வரவிட்டு ஒரு அளவு, தூக்கி மெல்ல இறங்கவிட்டு இன்னொரு அளவு, இரண்டுக்கும் நடுவெண். சுமனபாலவுக்கு இது நல்லாகப் பிடித்துவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அளவையும் சிங்களத்தில் உரக்கச் சொன்னார். ஐந்தாம் வெட்டிலிருந்து மூன்றாம் வெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறக்கினேன். முழங்கை கறுத்தது, ஒரு நகம் போனது. கடைசியில் அச்சொட்டாக ஐம்பத்தைந்து!

அடுத்த ஞாயிறு கெஞ்சிக் கூத்தாடி ஜெசிந்தாவைக் கீழே கூட்டிவந்தேன். பாமன்கடை வரைக்கும் ஒரு சுற்று, பிடிக்காவிட்டால் நான் இனி வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். போய் வந்தோம். வழியில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

"எப்பிடி?"

"முந்திக்கு நல்லம். ஆனா குழிக்குக் குழி இன்னும் தூக்கிப் போடுது."

தூக்கிப் போடக் கூடாதே! எனக்கு ரோசம் வந்துவிட்டது. "இறங்காதையும். அப்பிடியே இரும்" என்று அவளையும் வைத்துக்கொண்டு சுமனபாலவைக் கூப்பிட்டேன். அமுக்கி ஒன்று, தூக்கி ஒன்று.

நாற்பத்தொன்பது.

திரும்ப அளக்கச் சொன்னேன். நாற்பத்தொன்பது. அவளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கச் சொன்னேன். காலைக் கால்வைப்பில் சரியாக வைக்கச் சொன்னேன். கைப்பையை மடியில் கொடுத்தேன். அரை மில்லிமீற்றர் கூடியது. அரிசிக்கு ஐம்பத்தைந்து தாழ்ந்த அதே வில், அதே வெட்டில், இவளுக்கு ஆறு மில்லிமீற்றர் குறைவாகத் தாழ்ந்தது. உராய்வால் ஒன்று, இரண்டு பிழைக்கலாம். ஆறு பிழைக்காது.

"இந்த ஸ்பிரிங் இறுகிப்போச்சு" என்றேன். "ஒரு கிழமைக்குள்ள எப்பிடி இறுகினது எண்டுதான் விளங்கேல்லை."

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்கிற ஒன்று உண்டு. விடை பிழைத்தால் கருவியைத் திட்டாதேங்கோ, தெரியும் எண்டு நீங்கள் எழுதிவைச்ச எண்ணை முதலில போய்ப் பாருங்கோ. அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியிருக்கிறது. அன்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

சுமனபால ஷொக்கைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவை ஒருதரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மாத்தயா, ஸ்பிரிங் எக ஹொந்தய். பர தமய் வரதி."

ஸ்பிரிங் நல்லாய்த்தான் இருக்கு, பாரம்தான் பிழை. சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டு, கேற் பக்கம் ஏதோ வேலை இருக்கிறவர் போல நடந்துவிட்டார்.

"என்ன பாரம் பிழை? அறுபது கிலோவெல்லோ" என்று நான் அவருடைய முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

"நாப்பத்தெட்டு" என்றாள் பின்னால் இருந்தவள்.

நான் திரும்பினேன்.

"ஸ்கூல் சிக் ரூம் தராசில போன வெள்ளிக்கிழம பாத்தேன். நத்தாருக்கு முன்ன அம்பத்தாறு."

அவள் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள் அவள் கன்னத்தைப் பார்த்தேன். கழுத்தெலும்பைப் பார்த்தேன். சட்டைக் கைக்குள் எவ்வளவு இடம் கிடந்தது! எத்தனை இரவு தையல் மெஷின் ஓடின சத்தம் கேட்டது. ஒரு நாள் "புதுச் சட்டையோ?" என்றுகூடக் கேட்டேன். புதிதில்லை, எல்லாச் சட்டைகளையும் அவள் ஒடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையாக. நான் அந்தப் பெட்டியிலிருந்துதான் நாடாவை எடுத்து வந்து அரிசியை அளந்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க எப்ப கேப்பீங்கன்னு பாத்திட்டு இருந்தேன். பிறகு, கேட்றக் கூடாதேன்னு பயந்துட்டு இருந்தேன்." அவளுடைய அக்காவும் இப்படித்தான் மெலிந்து மெலிந்து மூன்று மாதத்தில் போனவள். அந்த வருத்தத்தின் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. "டொக்டர்கிட்ட போனா அதுதான்னு சொல்லிருவாங்க. போகாம இருந்தா இல்லன்னு வெச்சுக்கலாம்."

"முதுகு நோ?"

"அது மெய்யாலுமே நோகுதுதான். ஆனா அதுக்காக பஸ்ல போகல்ல." ஹெல்மெட் வாரைக் கழற்றினாள். "பைக்ல ஏறினா உங்ககிட்ட சொல்லிருவேன். பம்பலப்பிட்டி தாண்ட முன்னமே சொல்லிருவேன். அதான் ஏறல்ல."

நாலு மாதமாக நான் வில்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கனத்தைச் சுற்றுவட்டம்

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரையும் பதற வைத்துக் கதை சொல்லும் ஆள் நான் இல்லை. அது தைரொயிட். அளவுக்கு மிஞ்சிச் சுரந்து ஆளைக் கரைத்திருக்கிறது. குளிசை எழுதித் தந்தார்கள். இப்போது ஐம்பத்திமூன்று கிலோவுக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிறு கீழ்த்தளத்தில் சுமனபால நாடாவோடு வந்து நிற்கிறார். ஒரு மில்லிமீற்றர் கூடுதலாகத் தாழ்ந்தால் அவருக்கு வருகிற சந்தோசம் சொல்லி முடியாது. வளையம் இப்போது இரண்டாம் வெட்டில் இருக்கிறது. ஒரு வெட்டு மாற்றினால் முதுகு நோ பறந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பாதி குறைந்தது என்று அவள் சொல்கிறாள். மீதிக்கு டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்தேன்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது இரத்தப் பரிசோதனைக்குப் போன அந்தத் திங்கட்கிழமைக் காலை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பொரளையில் எட்டு மணிக்கு இருக்க வேண்டும். வெறும் வயிறு. நான் த்ரீவீலரில் போவோம் என்றேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். விடியவே எழும்பி நான் வளையத்தை இரண்டாம் வெட்டுக்கு இறக்கி வைத்திருந்தேன், வேறு எதை இறக்குவது என்று தெரியாமல்.

பாமன்கடை தாண்டினோம். ஹவ்லொக் வீதியில் ஏறினோம். பள்ளிக்கூட வான்கள், மழை பெய்து விட்ட ஈரம். வண்டி குழிகளில் இறங்கி ஏறியது, தூக்கிப் போடவில்லை. அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திம்பிரிகஸ்யாயச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் பைக்கில் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவள் சொல்லுவாள், நான் "ம்" போடுவேன். அதுதான் வழக்கம். அன்று ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்திக் கழுத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"எப்பிடி இருக்கிறீர்?"

"முதுகா?"

"இல்லை. நீர்."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த பஸ் ஹோர்ன் அடித்தது. நான் கிளம்பினேன். அவள் நாடியை என் தோளில் வைத்தாள், பிறகு சொல்லத் தொடங்கினாள். அக்கா கடைசியாகச் சாப்பிடக் கேட்டது என்ன என்பதிலிருந்து தொடங்கினாள். இரவில் நெஞ்சு படபடக்கும்போது என்னை எழுப்பக் கையை நீட்டி, திரும்ப எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். மகளுக்கு யார் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நான் "ம்" போடவில்லை. பதில் சொன்னேன்.

கனத்தைச் சுற்றுவட்டம் வந்தது. பக்கத்தில் மயானம். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடது கைப்பக்கம் வெட்டி நேரே போனால் ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நான் வெட்டாமல் வட்டத்திலேயே இன்னொரு சுற்றுப் போனேன்.

மூன்றாவது சுற்றில் பொலிஸ்காரர் எங்களைப் பார்த்தார். நான்காவது சுற்றில் அவள் சொன்னாள்: "சரி, போவோம்."